பூனைக்கு எந்தப் பூச்சி மாத்திரை? ஒரு மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருக்கும் கதை

(எபிசோடில் பேசியதன் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



இன்னைக்கு எபிசோட் ஒரு வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. நேயர் ஒருத்தர், அபார்ட்மென்ட் பார்க்கிங்ல கிடைச்ச பூனைக்குட்டியை எடுத்து வளர்க்கிறாங்க. ரெண்டு மாசக் குட்டி. உடம்பு எலும்பும் தோலுமா இருக்கு, வயிறு மட்டும் உப்பியிருக்கு. முந்தின நாள் எடுத்த வாந்தியில, வேகவச்ச சேமியா மாதிரி ஒரு புழு நெளிஞ்சுட்டு வந்திருக்கு. ஸ்கூல்ல குடுத்த பூச்சி மாத்திரையை அவங்க தம்பி சாப்பிடாம பையிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கான். "அதை நாலா உடைச்சு ஒரு துண்டு குட்டிக்குக் குடுக்கலாமா?" இதுதான் கேள்வி.

அன்னைக்கே பதில் அனுப்பிட்டேன். குடுக்காதீங்க, குட்டியைத் தூக்கிட்டு கால்நடை மருத்துவர்கிட்ட போங்க. குட்டி இப்ப நல்லா இருக்கு. ஆனா அந்தக் கேள்வி என்னை விடலை. மனுஷக் குழந்தைக்கு அரசாங்கமே குடுக்கிற மாத்திரை, அரைக் கிலோ பூனைக்கு ஏன் ஆகாது? மெடிக்கல் ஷாப்ல 'நாய், பூனை ரெண்டுக்கும்'னு எழுதின அட்டையும் இருக்கு, 'நாய்க்கு மட்டும்'னு எழுதினதும் இருக்கு. என்ன வித்தியாசம்? மாத்திரை அட்டையோட பின்பக்கம் சின்ன எழுத்துல ரெண்டு மூணு மருந்துப் பேர் இருக்கும். நான் ஒவ்வொரு பேரா எடுத்து, இது எங்கே, யாருக்காகக் கண்டுபிடிச்சதுன்னு பின்னாடியே போனேன். போன இடமெல்லாம் ஆடு இருந்துச்சு, கோழி இருந்துச்சு, நாய் இருந்துச்சு, மனுஷன் இருந்தான். பூனைக்காகன்னே ஆரம்பிச்ச கதை மட்டும் கிடைக்கவே மாட்டேங்குது. பூனை சாப்பிடுற பூச்சி மாத்திரை பெரும்பாலும் வேற யாருக்கோ தைச்ச சட்டை. சில சட்டை கச்சிதமாப் பொருந்துது, சிலது உயிரையே வாங்குது. எது எதுன்னு கண்டுபிடிக்கத்தான் நூறு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு.

மருந்துக்கு முன்னாடி புழு. ரொம்ப காலத்துக்கு, குடல்ல புழு தானா உண்டாகுதுன்னுதான் உலகம் முழுக்க நம்பினாங்க. இத்தாலியில பிரான்செஸ்கோ ரெடின்னு ஒரு மருத்துவர், 1668-ல ஜாடிக்குள்ள மாமிசத்தை வச்சு, துணியால மூடினா புழு வராதுன்னு காட்டினாரே, ஸ்கூல் பயாலஜியில படிச்சிருப்பீங்க. அதே ஆள் 1684-ல இன்னொரு புத்தகம் போட்டார். உயிருள்ள பிராணிகளுக்குள்ள வாழும் உயிருள்ள பிராணிகளைப் பற்றி. கையில கிடைச்ச உயிரையெல்லாம் அறுத்து, உள்ளே இருக்கிற புழுவை எண்ணி, படம் வரைஞ்சு வச்சார். ஆனா அந்தப் புழு குடலுக்குள்ள எந்த வழியா வந்துச்சுங்கற கேள்விக்கு ஜாடி சோதனை பதில் சொல்லலை.

அந்தப் பதில் 1850கள்ல ஜெர்மனியில வந்துச்சு. பிரெடரிக் குச்சென்மைஸ்டர்னு ஒரு மருத்துவர், முயல் வயித்துக்குள்ள இருந்த நீர்க்கொப்புளம் மாதிரியான புழுவை எடுத்து நாய்க்குப் போட்டார். நாயோட குடல்ல அது நாடாப்புழுவா வளர்ந்துச்சு. அதாவது இரையோட உடம்புல ஒரு வடிவம், வேட்டையாடுற பிராணியோட உடம்புல இன்னொரு வடிவம். (இதே ஆள் அடுத்து மரண தண்டனைக் கைதிக்கு, அவருக்கே தெரியாம, பன்றியோட நாடாப்புழுக் கொப்புளத்தை சாப்பாட்டுல கலந்து குடுத்து, தண்டனை முடிஞ்சதும் குடலை அறுத்துப் பார்த்தார். கைதிகளைப் பத்தி இந்த எபிசோட்ல இன்னொரு தடவையும் பேச வேண்டியிருக்கு.)

பூனைக்கு வர்ற நாடாப்புழுவுல முக்கியமானது ரெண்டு. ஒண்ணு எலி மூலமா வரும். எலியோட ஈரல்ல கொப்புளமா உட்கார்ந்திருக்கும், பூனை எலியைத் தின்னா குடல்ல நாடாவா வளரும். இன்னொண்ணுதான் நீங்க பூனையோட வாலுக்கு அடியில, படுக்கையில, காய்ஞ்ச அரிசிக் குறுணை மாதிரி பார்க்கிறது. அது எலியால வர்றது இல்லை. 1869-ல ஒரு ஆராய்ச்சியாளர் நாய்ப்பேனுக்குள்ள அதோட இளம் வடிவத்தைப் பார்த்தார். 1880களோட கடைசியில இத்தாலியில கிராசியும் ரொவெல்லியும் தெள்ளுப்பூச்சிக்குள்ள பார்த்தாங்க. பூனை உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியையும் சேர்த்து முழுங்கும். புழு உள்ளே போயிடும்.

இந்த 130 வருஷப் பழைய தகவல் இன்னைக்கு உங்க பர்ஸைக் காப்பாத்தும். அரிசிக் குறுணை பார்த்து நாடாப்புழு மாத்திரை குடுக்கிறீங்க. புழு போயிடும். தெள்ளுப்பூச்சி அப்படியே இருந்தா, மூணு நாலு வாரத்துல திரும்ப அதே குறுணை. "மாத்திரை வேலை செய்யலை"ன்னு ரிவ்யூ போடுவோம். மாத்திரை அதோட வேலையைச் செஞ்சுது. கதவைத் திறந்து வச்சுட்டு கொசுவர்த்தியைத் திட்டுற மாதிரிதான் இது.

சரி, மருந்துக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டு வரைக்கும் கையில இருந்தது செடி, கொட்டை, வேர். அதுல ஒண்ணு நமக்கு ரொம்ப நெருக்கமானது. பாக்கு. தாம்பூலத் தட்டுல வைக்கிற அதே கொட்டைப்பாக்குதான். பிரிட்டிஷ்காரங்க பாக்கைத் தூளாக்கி நாய்க்கு நாடாப்புழு மருந்தாக் குடுத்தாங்க. அதுல இருக்கிற அரிகோலின்ங்கற பொருள் புழுவை மயக்கும். அதே சமயம் நாயோட குடலையும் முறுக்கிப் பிழியும். ரெண்டும் சேர்ந்து புழு வெளியே வந்துடும். நியூசிலாந்துல 1960கள்ல பண்ணை நாய்களுக்கு அரிகோலின் குடுத்து, வர்ற மலத்தைச் சோதிச்சு, ஆடுகளுக்கும் மனுஷங்களுக்கும் நீர்க்கட்டி உண்டாக்குற புழுவை ஊர் ஊரா தேடினாங்க.

ஆனா பூனைக்கு? முதல் முறை பாக்கு போட்டவங்களுக்குத் தெரியும், வாயில தண்ணி ஊறும், வேர்க்கும், நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கும். அரிகோலின் எச்சில் சுரப்பி, மூச்சுக்குழாய் எல்லாத்தையும் தட்டி எழுப்பும். பூனைக்கு மூச்சுக்குழாய்ல சளி அளவுக்கு மீறி சுரந்து மூச்சே நின்னுடக்கூடிய அபாயம். அதனால பழைய கால்நடை மருத்துவப் புத்தகங்கள்லயே நாய்க்கு அரிகோலின் சரி, பூனைக்கு வேண்டாம்னு வந்துடுச்சு. நாய்க்கு ஆனது பூனைக்கு ஆகாதுங்கறதுக்கு இது ஆரம்ப காலத்துப் பாடம். சின்ன நாய்னு நினைச்சு பூனைக்கு அளவு போடக்கூடாது.

இப்ப 1921-க்கு வாங்க. அமெரிக்க விவசாயத் துறையில மாரிஸ் ஹால்னு ஒரு கால்நடை மருத்துவர், விலங்கியல் ஆராய்ச்சியாளர். அவருக்கு ஒரு பிரச்னை. கொக்கிப்புழு. குடல் சுவத்தைக் கடிச்சு ரத்தம் குடிக்கிற புழு. நாய், பூனை, மனுஷன் எல்லாருக்கும் தனித்தனி வகை உண்டு. அன்னைக்கு இருந்த மருந்துகள், அதுல குளோரோஃபார்மும் ஒண்ணு, வேலை செஞ்சாலும் ஆளையும் சாய்க்கும். குளோரோஃபார்முக்கு ரசாயனத்துல பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி இன்னொரு பொருள் இருக்கு. கார்பன் டெட்ராகுளோரைடு. ஹால் அதை நாய்களுக்குக் குடுத்துப் பார்த்தார். கொக்கிப்புழு கொத்துக் கொத்தா வெளியே வந்துச்சு. மனுஷனுக்கும் ஆகுமான்னு தெரியணும். என்ன பண்ணார் தெரியுமா? 3 மில்லியை அவரே குடிச்சார்.

அந்தப் பொருளைத் தீயணைப்புக் கருவியிலயும் டிரைக்ளீனிங்லயும் பயன்படுத்தினாங்கன்னு சொன்னா, அவர் என்ன குடிச்சார்னு புரியும். அவருக்கு ஒண்ணும் ஆகலை. செய்தி உலகம் முழுக்கப் பரவுச்சு. கொக்கிப்புழுவுக்கு எதிரா ராக்பெல்லர் அறக்கட்டளை பல நாடுகள்ல வேலை செஞ்சுட்டு இருந்த காலம் அது. சென்னை மாகாணத்துலயும் 1920கள்ல வேலை நடந்துச்சு. ஃபிஜி தீவுகள்ல ஆயிரக்கணக்கான பேருக்கு இதைக் குடுத்தாங்க. இலங்கையில 1922-ல மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளுக்குக் குடுத்து, தண்டனைக்குப் பிறகு கல்லீரலை அறுத்துப் பார்த்தாங்க. நாய்க்குக் குடுத்தது ஒரே வருஷத்துல மனுஷனுக்கு. அதுவும் யார் யாருக்கு முதல்ல குடுத்துப் பார்த்தாங்கன்னு கவனிச்சா, காலனி ஆட்சியில கைதியும் கூலித் தொழிலாளியும் எந்த வரிசையில நின்னாங்கன்னு தெரியும். இதை அறிவியல் வளர்ச்சின்னு மட்டும் சொல்லிட்டுக் கடந்து போக எனக்கு மனசு வரலை.

கல்லீரல்தான் இதுல பிரச்னை. கார்பன் டெட்ராகுளோரைடை உடைக்கப் போய் கல்லீரல் தன்னையே எரிச்சுக்கும். சிலருக்கு ஒண்ணும் ஆகாது, சிலர் செத்துப் போயிடுவாங்க. ஹாலும் அவரோட சக ஆராய்ச்சியாளர் ஷிலிங்கரும் 1925-ல கொஞ்சம் சாதுவான மாற்று ஒண்ணைக் கொண்டுவந்தாங்க. டெட்ராகுளோரோஎத்திலீன். அதுவும் டிரைக்ளீனிங் கடையில இருக்கிறதுதான். அடுத்த இருபத்தஞ்சு முப்பது வருஷத்துக்கு நாய்க்கும் பூனைக்கும் இதை ஜெலட்டின் காப்ஸ்யூல்ல அடைச்சுக் குடுத்தாங்க. முதல் நாள் ராத்திரி பட்டினி போடணும். காப்ஸ்யூலை முழுசா முழுங்க வைக்கணும். பூனையோட வாயில அது உடைஞ்சா அவ்வளவுதான், ஆவி நேரா நுரையீரலுக்கு. பூனைக்கு மாத்திரை குடுத்துப் பழக்கம் இருக்கிறவங்க ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாருங்க. பூனைக்கு மணி கட்டுறது ஈசி.

இதுவரைக்கும் வந்த எல்லா மருந்துக்கும் ஒரே லாஜிக்தான். இது விஷம். புழு கொஞ்சம் முன்னாடி சாகும், பூனை கொஞ்சம் பின்னாடி சாகும். அந்த இடைவெளிக்குள்ள நிறுத்திக்கணும்.

இந்த லாஜிக் மாறினது 1950கள்ல. ஆனா அதே நேரத்துல, பூனைப் புழு பூனையோட பிரச்னை மட்டும் இல்லைன்னும் தெரிய வந்துச்சு. 1950-ல வாஷிங்டன்ல ஹெலனோர் வைல்டர்ங்கற கண் நோயியல் நிபுணர் ஒரு வேலை செஞ்சாங்க. கண்ணுல புற்றுநோய் இருக்கலாம்னு சந்தேகப்பட்டு குழந்தைகள்கிட்ட இருந்து எடுத்த கண்கள், ஆய்வகத்துல பத்திரமா இருந்துச்சு. அதுல 46 கண்களை மறுபடி மெல்லிசா சீவிப் பார்த்தாங்க. 24 கண்கள்ல புழுவோட தடயம். புற்றுநோய் இல்லை, வழி தவறி வந்த குட்டிப் புழு. 1952-ல நியூ ஆர்லியன்ஸ்ல பால் பீவரும் கூட இருந்தவங்களும், ஈரல் வீங்கின குழந்தைகளோட ஈரலுக்குள்ள அதே மாதிரி இளம்புழுவைக் கண்டுபிடிச்சு, அது நாய், பூனை உருண்டைப்புழுவோட குடும்பம்னு சொன்னாங்க. நாயோட புழுதான் இதுல முக்கியக் குற்றவாளி. பூனையோடதும் கூட்டாளி.

பயமுறுத்துறதுக்காக இதைச் சொல்லலை. பூனையைக் கட்டிப் பிடிக்கிறதால இது வராது. மலத்துல வெளியே வர்ற முட்டை மண்ணுல ரெண்டு மூணு வாரம் கிடந்து பழுத்தாதான் தொற்றும். லிட்டர் பாக்ஸை தினமும் சுத்தம் பண்ணா முட்டைக்குப் பழுக்க நேரமே இல்லை. ஆனா பார்க்கிங் ஓரத்து மணல்ல, குழந்தைங்க விளையாடுற பார்க்ல கிடக்கிற முட்டை மாசக்கணக்கா, சமயத்துல வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். குட்டிக்கு ஒழுங்கா பூச்சி மருந்து குடுக்கிறது பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்துக் குடுக்கிற மாதிரின்னு நான் நினைக்கிறதுக்கு இதுதான் காரணம்.

அதே காலத்துல பிபரசின் வந்துச்சு. பத்தொன்பதாம் நூற்றாண்டு கடைசியில கீல்வாதத்துக்குக் குடுத்துப் பார்த்த பழைய மருந்து. கீல்வாதத்துக்கு ஒண்ணும் பண்ணலை. 1949 வாக்குல பிரான்ஸ்ல, உருண்டைப்புழுவுக்கு இது வேலை செய்யுதுன்னு கவனிச்சாங்க. இது புழுவைக் கொல்றதே இல்லை. புழுவோட தசையைத் தளர வைக்கும். குடல்ல எதிர்நீச்சல் போட்டு நிக்கிற புழு கை கால் விட்ட மாதிரி ஆகி, உயிரோடவே வெளியே அடிச்சுட்டுப் போயிடும். விஷம் வச்சுக் கொல்றதுக்குப் பதிலா, புழுவோட நரம்பும் தசையும் பேசிக்கிற இடத்தை மட்டும் குறி வைக்கிறது. பூனைக்கு நிம்மதி. ஆனா உருண்டைப்புழு மட்டும்தான் போகும், கொக்கிப்புழு நாடாப்புழு பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. அளவு மீறினா பூனைக்கு நடுக்கம் வரும்.

1966-ல இங்கிலாந்துல ஃபைசர் ஆய்வகத்துல இருந்து பைரான்டெல். ஆடு மாடு பன்றிக்காகத் தேடினது. இது பிபரசினுக்கு நேர் எதிர். தசையைத் தளர விடாம முறுக்கிப் பிடிச்சு, புழுவை விறைக்க வைக்கும். உருண்டைப்புழு, கொக்கிப்புழு ரெண்டும் போகும். இதோட பெரிய அழகு என்னன்னா, பாமோயேட் வடிவத்துல இது தண்ணியில கரையவே கரையாது. குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கம்மி. புழு இருக்கிற இடத்துலயே வேலையை முடிச்சுட்டு மலத்தோட போயிடும். அதனாலதான் சின்னக் குட்டிகளுக்கு வெட் முதல்ல எடுக்கிற மருந்து பெரும்பாலும் இதுவா இருக்கும். ஒரு எச்சரிக்கை. ஒண்ணு தளர வைக்கும், ஒண்ணு முறுக்கும்னு சொன்னேன் இல்லையா? ரெண்டையும் சேர்த்துக் குடுத்தா டபுள் பலன் கிடைக்காது, ஒண்ணை ஒண்ணு கேன்சல் பண்ணிடும். வீட்ல இருக்கிற ரெண்டு பாட்டிலைக் கலக்குற ஐடியா இருந்தா இத்தோட விட்டுடுங்க.

1971-ல இன்னொரு முக்கியமான ஆய்வு வந்துச்சு. பிறந்ததுல இருந்து வெளியே போகாத குட்டிக்கு எப்படிப் புழு வருது? தாய்ப்பால்ல. தாய்ப் பூனையோட தசையில தூங்கிட்டு இருக்கிற இளம்புழு, பால் சுரக்கும்போது எழுந்து பாலோட குட்டிக்குப் போகுது. நாய்க்குட்டிக்குக் கருவுலயே போயிடும், பூனைக்குட்டிக்குப் பால்லதான். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள்ல நாய்க்குட்டிக்கு 2 வாரத்துலயும் பூனைக்குட்டிக்கு 3 வாரத்துலயும் முதல் மருந்துன்னு வித்தியாசமா இருக்கிறது இதனாலதான். அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, பால் மறந்து ரெண்டு வாரம் ஆகிற வரைக்கும். பிறகு 6 மாசம் வரைக்கும் மாசா மாசம். "அதான் ஒரு தடவை குடுத்தாச்சே"ன்னு நிறுத்துறவங்களுக்காக இதைச் சொல்றேன். பெரும்பாலான மருந்து குடல்ல இருக்கிற புழுவைத்தான் பிடிக்கும். உடம்புக்குள்ள பயணத்துல இருக்கிறது அடுத்த பேட்ச்ல வந்து இறங்கும்.

நாடாப்புழுவுக்கு வருவோம். எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் பிடிச்ச மருந்து பிராசிகுவான்டெல். ஜெர்மனியில மெர்க் நிறுவனம் மனசை அமைதிப்படுத்துற மருந்து செய்யணும்னு ஒரு ரசாயனக் குடும்பத்தை உருவாக்கினாங்க. அது எடுபடலை. அதை பேயர் நிறுவனத்துக்காரங்க புழு மேல போட்டுப் பார்த்தாங்க. 1972-ல, நாடாப்புழு இதைத் தொட்ட உடனே சுருண்டு, தோல் வெடிச்சுப் போறதைக் கவனிச்சாங்க. 1970களோட நடுவுல நாய், பூனைக்குச் சந்தைக்கு வந்துச்சு. அதுக்குப் பிறகுதான் ஆப்பிரிக்காவுல கோடிக்கணக்கான மனுஷங்களை வாட்டுற நத்தைக் காய்ச்சலுக்கு, அதாவது ஷிஸ்டோசோமியாசிஸுக்கு, முக்கிய மருந்தா ஆச்சு. இது புழுவோட உடம்புல சரியா எங்கே போய் ஒட்டுதுன்னு ஒரு உருப்படியான பதில் கிடைச்சது 2019-ல. நாப்பத்தஞ்சு வருஷமா, எப்படி ஓடுதுன்னு யாருக்கும் முழுசாத் தெரியாமலே புரொடக்‌ஷன்ல ஓடிட்டு இருந்த கோட். நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இது புதுசா இருக்காது.

ஒரே குறை, பயங்கரக் கசப்பு. மாத்திரை நாக்குல பட்டுட்டா பூனை வாயில நுரை தள்ளும். எங்க வீட்டுப் பூனை தள்ளும்போது அம்மா விஷம் ஏறிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க. அது கசப்புக்கு வர்ற எச்சில்தான், கொஞ்ச நேரத்துல நின்னுடும்.

ஆக, இன்னைக்குப் பூனைக்குன்னு விக்கிற பல மாத்திரையில பின்பக்கம் இருக்கிற ரெண்டு பேர் பைரான்டெலும் பிராசிகுவான்டெலும்தான். ஒண்ணு ஆடு மாட்டுக்குத் தேடினது, ஒண்ணு மனுஷ மனசுக்குத் தேடினது. நாய் மாத்திரையில இதே ரெண்டோட ஃபெபான்டெல்னு மூணாவது ஒண்ணும் பல சமயம் இருக்கும். அளவும் நாயோட எடைக்கு ஏத்த மாதிரி. பத்து கிலோ நாய்க்கான மாத்திரையைக் கத்தியால கீறி 700 கிராம் குட்டிக்குச் சரியான துண்டு எடுக்கிறது நடக்கிற காரியம் இல்லை.

இப்ப அந்த ஸ்கூல் மாத்திரை. அது ஆல்பெண்டசோல், 400 மில்லிகிராம். 2015-ல இருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள்னு பிப்ரவரி 10-ஐ ஒட்டி குடுக்கிறாங்களே, அதுதான். மனுஷக் குழந்தைக்கு அருமையான மருந்து, தம்பி ஒழுங்கா சாப்பிடணும். ஆனா 1997-ல வெளியான ஒரு அறிக்கையில, ஆல்பெண்டசோல் குடுத்த ஒரு நாய்க்கும் ஒரு பூனைக்கும் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டு, ரத்த அணுக்கள் உற்பத்தி நின்னுபோனதைப் பதிவு பண்ணாங்க. கையில அதைவிடப் பாதுகாப்பான மருந்து இருக்கும்போது அந்த ரிஸ்க் எதுக்கு? நாலா உடைச்சாக் கூட 100 மில்லிகிராம், அரைக் கிலோ குட்டிக்கு. தம்பிக்கு எடை இருபத்தஞ்சு கிலோன்னு வச்சுக்கோங்க, அவனுக்கு முழு மாத்திரைக்கு கிலோவுக்கு 16 மில்லிகிராம். குட்டிக்கு கால் மாத்திரைக்கே கிலோவுக்கு 200.

எடை மட்டும் இல்லை. பூனையோட கல்லீரலே வேற. நம்ம கல்லீரல் பல மருந்துகளை வெளியேத்த, அதுமேல சர்க்கரையோட உறவுக்கார மூலக்கூறு ஒண்ணை ஒட்டி, தண்ணியில கரையிற மாதிரி மாத்தி சிறுநீர்ல தள்ளிவிடும். அந்த ஒட்டுற வேலைக்கான ஜீன்கள்ல முக்கியமான ஒண்ணு பூனைகிட்ட பழுதாகிக் கிடக்குன்னு 2000-ல மைக்கேல் கோர்ட், டேவிட் கிரீன்பிளாட்னு ரெண்டு பேர் காட்டினாங்க. ஃபைல்ல கோட் இருக்கு, ரன் ஆகாது. தாவரத்துல வர்ற வேதிப்பொருட்களை உடைக்கத்தான் இந்த வசதி அதிகமாத் தேவை. பூனையோ தலைமுறை தலைமுறையா கறி மட்டுமே தின்ன பரம்பரை, அதனால பழுதானாலும் நஷ்டமில்லாமப் போச்சுங்கறது ஒரு விளக்கம். இதனாலதான் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்னுடும்.

பூச்சி மருந்துக்கு இது எங்கே உதைக்குதுன்னா, தெள்ளுப்பூச்சியில. நாடாப்புழு திரும்பி வரக்கூடாதுன்னா தெள்ளுப்பூச்சியை ஒழிக்கணும்னு சொன்னேன். உடனே வீட்ல இருக்கிற நாயோட கழுத்துச் சொட்டு மருந்தைப் பூனைக்கும் ரெண்டு சொட்டு விடத் தோணும். நாய்க்கான சில சொட்டு மருந்துல பெர்மெத்ரின் இருக்கு. நாய் தாங்கும். பூனையால அதை உடைச்சு வெளியேத்த முடியாது. நடுக்கம், வலிப்பு, சாவு. 'பூனைக்கு வேண்டாம்'னு அட்டையில போட்டிருந்தா அது சும்மா போட்டது இல்லை.

ஐவர்மெக்டின் கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், நோபல் வாங்கின கதை, ஜப்பான் கோல்ஃப் மைதானம் பக்கத்துல எடுத்த மண். சுருக்கமா ரெண்டு விஷயம் மட்டும். 1981-ல ஆடு மாடு குதிரைக்கு வந்தது, ஊசி மருந்து அளவெல்லாம் மாட்டுக்கானது, பூனைக்குட்டிக்கு அந்த பாட்டில்ல இருந்து கண் திட்டமா எடுத்துப் போட்டா விபரீதம். அந்தக் குடும்பத்துல பூனைக்கு ஒத்துப்போற செலாமெக்டின் 1999 வாக்குல கழுத்துச் சொட்டு மருந்தா வந்துச்சு, தெள்ளுப்பூச்சி, உருண்டைப்புழு, கொக்கிப்புழு மூணும் போகும். நாடாப்புழு போகாது.

கடைசியா, நான் தேடிட்டு இருந்த விதிவிலக்கு. ஜப்பான்ல கமேலியாச் செடியோட இலையில வாழ்ற ஒரு பூஞ்சையில இருந்து மெய்ஜி நிறுவனத்துக்காரங்க ஒரு பொருளை எடுத்தாங்க. சோதனைக்குக் கோழி வயித்துல இருக்கிற புழுவைத்தான் எடுத்துக்கிட்டாங்க, அந்த வழக்கம் மாறலை. ஆனா அதுல இருந்து உருவான எமோடெப்சைடு, பிராசிகுவான்டெலோட சேர்ந்து 2005-ல ஐரோப்பாவுல வந்தது பூனைக்கான கழுத்துச் சொட்டு மருந்தா. உருண்டை, கொக்கி, நாடா மூணுக்கும் ஒரே டியூப். முடியை விலக்கி, நக்க முடியாத பிடரியில தோல் மேல விட்டா போதும். யாரோ ஒருத்தர் முதல் தடவையா, பூனை வாயைத் திறக்காதுங்கற உண்மையை வடிவமைப்புல சேர்த்திருக்காங்க. தெருப் பூனைகளுக்குச் சாப்பாடு போடுறவங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு அவங்ககிட்ட கேளுங்க. விலை அதிகம்தான்.

எது வாங்கணும்னு கேட்டா, பிராண்ட் பேர் நான் சொல்ல மாட்டேன். குட்டியா இருந்தா, வாந்தியில சேமியா இருந்தா, உருண்டைப்புழுவுக்கான மருந்து, பெரும்பாலும் பைரான்டெல் சிரப், வெட் எடை போட்டுச் சொல்ற அளவுல, திரும்பத் திரும்ப. குறுணை இருந்தா பிராசிகுவான்டெல், கூடவே தெள்ளுப்பூச்சிக்குப் பூனைக்கான மருந்து. எலி பிடிக்கிற பூனையா இருந்தா, தெள்ளுப்பூச்சி இல்லைன்னாலும் நாடாப்புழுவை மறக்காதீங்க. வெளியவே போகாத, ரெண்டு வயசு ஃபிளாட் பூனையா இருந்தா, மாசா மாசம் மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு மலப் பரிசோதனை கேளுங்க. ஈறு வெளுத்துப் போயிருந்தா கொக்கிப்புழு ரத்தம் குடிச்சிருக்கலாம், அன்னைக்கு மெடிக்கல் ஷாப் பக்கம் போகாம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

தேவையில்லாம ஊத்தாதீங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. 1961-ல தயாபெண்டசோல்னு ஆடுகளுக்கு ஒரு அற்புத மருந்து வந்துச்சு. 1964-லயே அதுக்கு அசராத புழு வந்துடுச்சு. மூணே வருஷம். 2018-ல அமெரிக்காவுல நாய்கள்ல, நம்ம அரிசிக் குறுணை நாடாப்புழுவே பிராசிகுவான்டெலுக்கு அசராம நின்னதா அறிக்கை வந்துச்சு.

உங்க வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பி, பின்பக்கம் இருக்கிற பேரைப் படிச்சு, போட்டோ எடுத்து அனுப்புங்க. இன்னைக்கு நான் தொடாத பேர் ஏதாவது இருந்தா அடுத்த எபிசோட் ஆரம்பத்துல அஞ்சு நிமிஷம் அதுக்கு ஒதுக்குறேன். வர்றேன் மக்களே.